பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில்

பெக்கான் நானாஸ், ஜொகூர்
பிப்ரவரி 2026

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பிள்ளைகளும் நலம். தைப்பூசத்தன்று உங்கள் நால்வர் பேரிலும் அர்ச்சனை செய்தேன். திருநீறு மடித்து வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன்.

அன்று போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். பாப்பாவை அடுத்த ஆண்டே, ஆறு வயதுக் கணக்கில், முதலாம் ஆண்டில் சேர்த்துவிடலாமா என்பது ஒன்று. கிள்ளானில் டெலிவரி ஓடுவதை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்து, நம் ஊர்ப் பையன்களைப் போல மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகலாமா என்பது இன்னொன்று. இரண்டையும் நீ தனித்தனியாகக் கேட்டாய். எனக்கு அவை ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. அரசாங்கத்தில் கல்விக்கு ஒரு அமைச்சு, மனிதவளத்துக்கு ஒரு அமைச்சு. ஆனால் பள்ளி மணியும் வேலை மணியும் வந்து முட்டிக்கொள்வது நம் வீட்டில்தான். போனில் இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் உனக்கு அடுத்த ஆர்டர் வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பாப்பாவின் அம்மாவிடமும் படிக்கக் கொடு. அவள் என்ன நினைக்கிறாள் என்பது முக்கியம்.

முதலில் பாப்பா விஷயம். ஜனவரி 20ஆம் தேதி பிரதமர் அன்வார் 2026 முதல் 2035 வரைக்குமான தேசியக் கல்வித் திட்டத்தை அறிவித்தார். 2027 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளையும் முதலாம் ஆண்டில் சேர்க்கலாம் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கோயிலிலும் அதே பேச்சு, சந்தையிலும் அதே பேச்சு. 'சேர்க்கலாம்' என்றுதான் சொல்லியிருக்கிறார்கள் தம்பி, 'சேர்க்கவேண்டும்' என்று சொல்லவில்லை. பெற்றோர் விருப்பம். இங்கே பாதிப்பேர் அதைச் சட்டம் என்றே நினைத்துக்கொண்டு, பிள்ளைக்கு இப்போதே எழுத்துப் பழக்கப் பயிற்சிப் புத்தகம் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

நம் பாப்பா பிறந்தது 2021 நவம்பர் கடைசியில். இந்த ஆண்டு முதல் பள்ளி மறுபடியும் ஜனவரியிலேயே திறக்கிறது. ஆக 2027 ஜனவரியில் அவள் புத்தகப்பையைத் தூக்கும்போது வயது ஐந்து முடிந்து ஒன்றரை மாதம்தான் ஆகியிருக்கும். ஆறு என்பது கணக்குக்கு மட்டும். அவள் பக்கத்தில் உட்காரப்போகும் பிள்ளைகளில் பலர் 2020இல் பிறந்தவர்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் இவளுக்கும் ஏறக்குறைய இரண்டு வயது வித்தியாசம். அந்த வயதில் இரண்டு வருஷம் என்பது எவ்வளவு பெரிய இடைவெளி என்று உனக்கே தெரியும். ஒருத்தி சிற்றுண்டிச் சாலையில் சில்லறை எண்ணி வாங்குவாள். இன்னொருத்திக்குக் கழிவறைக்குப் போய்விட்டு வரவே துணை வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார். 2027இல்தான் புதிய பாடத்திட்டமும் முதலாம் ஆண்டில் தொடங்குகிறது. ஆசிரியருக்கே புத்தகம் புதிது. வழக்கமாகச் சேர வேண்டிய ஏழு வயதுப் பிள்ளைகளோடு ஆறு வயதுக்காரர்களும் வந்து சேர்வதால் அந்த ஆண்டுக் கூட்டம் பெரிதாக இருக்கும். அந்தக் கூட்டம் அப்படியே 2033இல் படிவம் ஒன்றுக்குப் போகும், 2037இல் படிவம் ஐந்தில் எஸ்.பி.எம். தேர்வு எழுதும், பிறகு மெட்ரிகுலேஷனுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே வாசலில் நிற்கும். 2028இல் சேர்ந்தால் அவள் தன் வயதுக்காரர்களில் மீதி இருப்பவர்களோடும், ஆறு வயதில் வரும் சிலரோடும் படிப்பாள். நெரிசல் அவ்வளவு இருக்காது. முதலாம் ஆண்டு ஆசிரியருக்கும் புதுப் புத்தகம் ஓராண்டு பழகியிருக்கும்.

திட்டமே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாலர் கல்வி கிடைக்கவேண்டும் என்று 13ஆவது மலேசியத் திட்டத்தில் சொன்னார்களே, அதை நான் இரு கையெடுத்து வரவேற்கிறேன். நம் இனத்தில் பாலர் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவைத்து, முதலாம் ஆண்டில் எழுத்தே தெரியாமல் கொண்டுபோய் நிறுத்துகிற குடும்பம் இன்னமும் இருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு வருஷம் முன்னதாகவே இலவசப் பள்ளி என்பது பெரிய உதவி. நன்றாகப் பேசுகிற, ஜனவரியில் பிறந்த, துடிப்பான பிள்ளைக்கும் அது பொருந்தும். எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. நாம் பார்த்து ஏங்குகிற சிங்கப்பூரிலேயே ஏழு வயது ஆகிற வருஷத்தில்தான் தொடக்கப்பள்ளி முதல் வகுப்பு.

அப்பா அன்னாசித் தோட்டத்தில் பூக்கும் மருந்து ஊற்றுவாரே, நினைவிருக்கிறதா? எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் ஊற்றமாட்டார். நடுவில் இருக்கிற நீள இலையைப் பிடித்துப் பார்த்து, வளர்த்தி போதாத செடியை விட்டுவிட்டுப் போவார். வளராத செடிக்கு ஊற்றினாலும் அது பூக்கத்தான் செய்யும், பழம்தான் சிறுத்துப்போகும் என்பார். பாப்பா இன்னும் ஒரு வருஷம் பாலர் பள்ளியில் பாட்டுப் பாடட்டும், கத்தரிக்கோல் பிடிக்கட்டும், மண்ணில் விளையாடட்டும்.

'ஒரு வருஷம் முன்னால் முடித்தால் ஒரு வருஷம் முன்னால் சம்பாதிப்பாள்' என்று நீ சொன்னது என் காதிலேயே நிற்கிறது. பணக் கஷ்டத்தில் சொன்னாய் என்று புரிகிறது. ஆனாலும் அந்தக் கணக்கை அவள் தலையில் வைக்காதே தம்பி. அவளுக்கு இப்போது நாலு வயசு.

பெரியவனைப் பற்றி நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவன் இந்த ஆண்டு நான்காம் ஆண்டு. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு படிவம் மூன்றின் பி.டி.3 தேர்வையும் எடுத்தார்கள். இப்போது நான்காம் ஆண்டில் இந்த வருஷமும் படிவம் மூன்றில் அடுத்த வருஷமும் நாடு தழுவிய மதிப்பீடு வருகிறது. முதல் அணியில் நம் பையன். பயப்படாதே. எனக்கு இது நல்ல மாற்றமாகத்தான் தெரிகிறது. யு.பி.எஸ்.ஆர். ஆறாம் ஆண்டின் கடைசியில் வந்தது. அதில் ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று தெரிந்தபோது அந்தப் பள்ளியே அவனுக்கு முடிந்துவிட்டது. யாரும் எதையும் சரிசெய்ய வழியில்லை. நான்காம் ஆண்டில் தெரிந்தால் இன்னும் இரண்டு வருஷம் கையில் இருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் யாராவது அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஆள் தருவார்களா என்பதுதான் என் கேள்வி. 150 பேருக்குக் குறைவாகப் படிக்கும் பள்ளியைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நிறையப் பள்ளிகள் அப்படித்தான். அங்கே இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் பாடம் நடத்துவதும் உண்டு. காலையில் பாடம், மாலையில் ஆவண வேலை. மதிப்பீட்டுத் தாளைத் திருத்தி மேலே அனுப்பியபின், பின்தங்கிய நாலு பிள்ளைகளுக்காக ஒரு மீட்புப் பாட ஆசிரியரை அனுப்பினால் இந்தத் திட்டத்தை நான் கடைசிவரை ஆதரிப்பேன். ஆள் தராமல் புள்ளிப் பட்டியல் மட்டும் போட்டால், டியூஷன் கட்ட முடிந்தவன் பிள்ளை தேறும், மற்றப் பிள்ளைக்குப் பத்து வயதிலேயே மக்கு என்று பேர் விழும். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அவன் எந்தப் பாடத்தில் நிற்கிறான் என்று வகுப்பாசிரியரை நேரில் போய்க் கேள். மதிப்பெண்ணைக் கேட்காதே. எதை அவனால் செய்ய முடியவில்லை என்று கேள்.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால் புகுமுக வகுப்பு என் கண்முன் இன்னமும் நிற்கிறது. நம் தமிழ்ப்பள்ளியிலிருந்து நாங்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது மலாய் போதாது என்று எங்களை ஒரு வருஷம் அங்கே வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் படிவம் ஒன்று புத்தகம் வைத்திருக்க, எங்களுக்குத் தனி வகுப்பு. ஆசிரியர் வராத பாடவேளைகள் நிறைய. என்னோடு போன பெண்களில் சிலர் அந்த ஒரு வருஷத்திலேயே பள்ளி நமக்கானதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பதினாலு, பதினைந்து வயதில் ஒவ்வொருத்தியாக நின்றாள். ஒருத்தி அன்னாசி டின் அடைக்கும் ஆலைக்குப் போனாள், ஒருத்தி தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு இருந்தாள். கெட்டிக்காரப் பெண்கள் தம்பி. ஒருத்தி வாய்க்கணக்கில் என்னைவிட வேகம். அதனால்தான் பெரியவனுக்கு மலாய் இப்போதே பலமாக வேண்டும் என்கிறேன். அவனைத் தேசியப்பள்ளிக்கு மாற்றலாமா என்று நீ யோசிக்காதே. தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டே மலாயில் கெட்டியாகலாம். என் இரண்டு பிள்ளைகளும் அப்படித்தான் வந்தார்கள். பினாங்கில் 1816இல் தமிழ் வகுப்பு தொடங்கியதாகச் சரித்திரம். தாய்மொழிப் பள்ளிகள் சட்டத்துக்கு விரோதம் என்று தொடுத்த வழக்கும் 2025 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றத்தோடு முடிந்தது. நீதிமன்றம் காப்பாற்றித் தந்த பள்ளியை நாமே காலியாக்கிவிடக் கூடாது.

இடைநிலைக் கல்வியைக் கட்டாயமாக்க 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் வந்ததைக் கேட்டிருப்பாய். தொடக்கக் கல்வி 2003இலிருந்தே கட்டாயம். இனிப் படிவம் ஐந்து வரை. என் தோழிகளுக்கு அப்போது இந்தச் சட்டம் இருந்திருந்தால் என்று எண்ணாத நாளில்லை. ஆனால் அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தத் தாய் வேண்டுமென்றே பிள்ளையை நிறுத்துகிறாள்? தோட்டத்து உட்பகுதியிலிருந்து பள்ளிக்கு வேன் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிற்கிறது. அப்பா விட்டுப்போன வீட்டில் மூத்தவன் வேலைக்குப் போகவேண்டி நிற்கிறது. பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் நிற்கிறது. வேன் கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்டால் அபராதத்துக்கே வேலை இருக்காது.

எஸ்.பி.எம்.மில் 10ஏ எடுத்த யாராக இருந்தாலும் மெட்ரிகுலேஷன் இடம் நிச்சயம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தாரே, அந்தச் செய்தி வந்த அன்று நான் அழுதேன். அதற்கு முன்னால் இங்கே ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை கைநிறைய 'ஏ' வைத்துக்கொண்டு மேல்முறையீட்டுக் கடிதத்தோடு அலையும். உன் மாமாவின் தங்கை மகளே அப்படி அலைந்து, கடைசியில் ஆறாம் படிவம் படித்துத்தான் மேலே வந்தாள். ஒன்பது 'ஏ', எட்டு 'ஏ' எடுக்கிற ஏழைப் பிள்ளைக்கும் எந்த அடிப்படையில் இடம் தருகிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். அது பெரியவனுக்கு இன்னும் தூரம். இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். சட்டம் மாறினால் அது முதலில் வந்து விழுவது என் மேசையில்தான். குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் இங்கே 900 ரிங்கிட்டில் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறிய கடைகளுக்கு மட்டும் அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை அவகாசம் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் 8 ரிங்கிட் 72 சென். அப்பா காலத்து நாட்கூலியைப் பார்த்த நமக்கு இது பெரிய விஷயம்தான். மழை வந்தால் அரைக்கூலி என்று சொல்ல இன்று யாராலும் முடியாது.

அந்த 1,700ஐ நான் தட்டச்சு செய்யும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட் போகும். சொக்சோ சமூகப் பாதுகாப்பும் வேலை காப்புறுதியும் இன்னும் கொஞ்சம். கையில் வருவது ஏறக்குறைய 1,500. 2018இல் பேங்க் நெகாரா ஓர் ஆய்வு வெளியிட்டது. 2016 விலைவாசியில் கோலாலம்பூரில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளை கொண்ட குடும்பம் கௌரவமாக வாழ மாதம் 6,500 ரிங்கிட் தேவை என்று அதில் இருந்தது. பெக்கான் நானாஸ் கோலாலம்பூர் இல்லை, வாடகை இங்கே குறைவு. அப்படியே பாதியாகக் குறைத்தாலும் ஒரே ஆள் 1,700இல் முடியாது. அதனால்தான் ஆண்கள் விடியுமுன் சிங்கப்பூர்ப் பாலத்துக்குப் போகிறார்கள், பெண்கள் ஓ.டி.க்கு நிற்கிறார்கள். சம்பளத்தைக் கூட்டியது சரியான காரியம். ஆனால் குடும்பம் ஓடுவது இன்னமும் ஓ.டி.யில்தான்.

ஒரு நல்ல சட்டம் இருக்கிறது, அது நம் ஆட்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணி ஆனது, பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது, அப்பாவுக்கும் ஏழு நாள் விடுப்பு வந்தது. இவற்றையெல்லாம் எல்லாரும் அறிவார்கள். அதே திருத்தத்தில், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணம் காட்டவேண்டும் என்றும் இருக்கிறது. எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு தாய் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரைக்கு வர அனுமதி கேட்டு எழுதினாள். கடிதத்தை நான்தான் அவளோடு உட்கார்ந்து எழுதினேன். மாலையில் அரை மணி கூடுதலாக நிற்பதாகச் சொன்னாள். கிடைத்தது. முன்பெல்லாம் விடியுமுன்பே பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். இப்போது பள்ளி வாசலில் அவளே விடுகிறாள். இரண்டு அமைச்சும் சேர்ந்து நம் வீட்டுக்கு ஏதாவது செய்திருக்கிறது என்றால் இந்த ஒரு பிரிவைத்தான் சொல்வேன்.

இந்தச் சட்டங்கள் எதுவும் உனக்கு இப்போது கிடைக்காது, ஏனென்றால் உன் கையில் பே ஸ்லிப் இல்லை. டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கென்று தனியாக கிக் தொழிலாளர் சட்டத்தை 2025 ஆகஸ்டில் மக்களவையும் செப்டம்பரில் மேலவையும் நிறைவேற்றின. நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் உன்னைப் போல. எழுத்திலான ஒப்பந்தம் இருக்கவேண்டும், காரணமில்லாமல் கணக்கை முடக்கக் கூடாது, தகராறு வந்தால் முறையிட நடுவர் மன்றம் உண்டு, விபத்துக்கு சொக்சோ பாதுகாப்பு உண்டு. இத்தனை வருஷம் மழையிலும் வெயிலிலும் ஓடியவர்களைச் சட்டம் தொழிலாளி என்று பார்த்திருப்பது எனக்கு மனநிறைவு. போன வருஷம் நீ விழுந்து கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வருமானமில்லாமல் இருந்தபோது இது இருந்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. ஆனால் அதில் கட்டாயச் சேமநிதி இல்லை. முதலாளி பங்கென்று யாரும் உனக்குப் போடப்போவதில்லை. நீயாகச் சேமநிதியில் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொள். ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் போட்டால் அரசு 500 சேர்த்துப் போடும். அவ்வளவு முடியாவிட்டால் முடிந்ததைப் போடு.

சிங்கப்பூருக்கு வருகிறேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அந்தக் கணக்குப் போட்டால் யார் மனசும் ஆடும். எனக்கும் ஆடியது, உன் மாமா அதில்தான் வீடு கட்டினார். அந்தப் பணத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அவர் எப்படிப் போனார் என்று மட்டும் சொல்கிறேன். காலை நாலு மணிக்கு நான் எழுந்து சோறு கட்டுவேன். நாலரைக்கு மோட்டார் சைக்கிளை உதைப்பார். கேலாங் பாத்தா வழியாக இரண்டாவது பாலத்தைத் தாண்டித் துவாஸ். அங்கே விடியுமுன்னே வரிசை நிற்கும். மழை பெய்தால் பாலத்தடியில் எல்லாரும் ஒதுங்கி மழைக்கோட்டு மாட்டுவார்கள். இரவு எட்டரை, ஒன்பதுக்கு வீடு. பிள்ளைகள் தூங்கியிருக்கும். மிச்சம் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் ஜொகூரில் 2014இலிருந்து வெள்ளியும் சனியும்தானே வார விடுமுறையாக இருந்தது. அவர் வீட்டில் இருக்கிற ஞாயிறன்று பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்த வெள்ளியன்று அவர் பாலத்தில் இருந்தார். பதினோரு வருஷம் இந்த மாநிலத்தில் எத்தனையோ குடும்பம் இப்படி ஓடியது. மதிய நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது பள்ளி விடுமுறையில்தான்.

2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். எல்லாப் புதுக் கொள்கைகளிலும் எனக்குப் பிடித்தது இதுதான். எங்கள் பிள்ளைகள் வளர்ந்தபிறகு வந்தது, அது வேறு. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயில் தேவார வகுப்புக்கு அப்பாக்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், வெளியே மரத்தடியில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது.

நீ அந்த வேலைக்குப் போனால் ஞாயிறு கிடைக்கும். மற்ற ஆறு நாள்? பெரியவனும் பாப்பாவும் மதியம் ஒரு மணிபோல வீடு திரும்பும் நேரத்தில் யார் இருப்பார்கள்? பாப்பாவின் அம்மாவும் வேலை தேடுகிறாள். நீ பாலத்தில் நிற்பாய். நான்காம் ஆண்டு மதிப்பீட்டுக்கு அவனைத் தயார் செய்வது யார்? பிள்ளைகளை மதியத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளும் டிரான்சிட் நிலையங்கள் உண்டு, அதற்கும் மாதக் காசு. சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போனால் அங்கத்திய சேமநிதியும் இல்லை. நாற்பது வயதில் ஆரம்பித்து ஐம்பதில் முதுகு போனால், வெள்ளியில் சம்பாதித்ததை ரிங்கிட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவேண்டியிருக்கும்.

புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் போகும் ஆர்.டி.எஸ். ரயில் வரப்போகிறது என்று சொல்வாய். ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு அது வரம். நம் ஊரிலிருந்து அங்கே போவதற்கே எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். எனக்கு நம்பிக்கை வேறு இடத்தில். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் முதல் ஐந்து ஆண்டில் 20,000 திறன்மிக்க வேலைகள் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகம் நம் ஊருக்கு எட்டாத தூரமில்லை. கிடங்கு, லாரி, பாரந்தூக்கி எல்லாம் அங்கே இருக்கிறது. செடெனாக் பக்கம் டேட்டா சென்டர் வரிசையாக எழும்புகிறது. கட்டும்போது ஆயிரம் பேர் வேண்டும், ஓடும்போது கொஞ்சம் பேர் போதும், அந்தக் கொஞ்சம் பேருக்கும் மின்சாரம், குளிரூட்டி படித்த சான்றிதழ் கேட்பார்கள். என் சின்னவன் பத்து பகாட் அட்தெக் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தான், கட்டணம் எங்களுக்குச் சுமையாகவே இல்லை. தொழிற்பயிற்சி என்றால் படிப்பு வராதவனுக்கு என்று நம் ஆட்கள் இன்னும் முகம் சுளிக்கிறார்கள். இங்கே வரும் வேலைகளைப் பார்த்தால் அந்தச் சுளிப்புக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம். உனக்குக் கனரக வண்டி உரிமம் எடுக்க ஆசை என்று முன்பு சொன்னாய். அதை இப்போது எடு. துறைமுகப் பக்கம் ஷிப்ட் வேலை சிங்கப்பூர் சம்பளம் தராது. ஆனால் பே ஸ்லிப் இருக்கும், சேமநிதி இருக்கும், வாரத்தில் சில மதியங்களாவது பிள்ளைகளோடு வீட்டில் இருப்பாய்.

அக்கா சொல்வதால் செய்யவேண்டும் என்றில்லை. நீயும் பாப்பாவின் அம்மாவும் உட்கார்ந்து ஒரு வாரத்தின் மணிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யார் எப்போது எங்கே இருக்கிறீர்கள், பிள்ளைகள் எப்போது தனியாக இருக்கிறார்கள் என்று. அதற்குப் பிறகும் சிங்கப்பூர்தான் என்று முடிவானால், மதியத்தில் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்பு. நானும் என் முதலாளியிடம் அந்தக் கடிதத்தை எழுதிக் கேட்டுப் பார்க்கிறேன், ஏழு மணிக்கே தொடங்கி முன்னதாக வந்துவிட.

இங்கே வருவது என்றால் ஆண்டு நடுவில் பெரியவனை மாற்றாதே, டிசம்பரில் மாற்றிக்கொள்ளலாம். வரும்போது இரண்டு பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பாப்பாவின் தடுப்பூசிப் புத்தகம், உன் பழைய தொழிற்சாலையின் சேமநிதிக் கணக்கு எல்லாம் எடுத்து வா. அந்தத் தொழிற்சாலை உன் கடைசி மூன்று மாதப் பங்கை உண்மையிலேயே கட்டியிருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் புகார் செய்யலாம், நான் எழுதித் தருகிறேன்.

பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தம்.

அன்புடன்,
அக்கா